முத்துச் சல்லடையும் மண் பரிசோதனையும்

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்துவந்த காலத்தில், வியாபாரிகள் முத்துக்களைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளிலிட்டுத் தரம் பிரிப்பது வழக்கம். முதற் சல்லடைக்கு 20 கண்கள். அடுத்தவற்றிற்கு 30, 50, 80 என ஏறிக் கடைசிச் சல்லடைக்கு 1000 கண்கள். பருமனை இவ்வாறறிந்த பின்னரே, உருட்சியையும் ஒளியையும் நோக்கிக் குற்றமற்றதை ஆணிமுத்தெனப் பிரித்தனர். 1961-ம் வருஷத்துடன் அக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும், பருமன் வேறு, வடிவம் வேறு என்னும் அந்நியாயம் மண்ணுக்கும் பொருந்துவதாம்.

நீண்ட மணல்மணி தன் குறுகிய பக்கத்தால் சல்லடையில் நுழைந்துவிடும். அதன் நீளத்தைச் சல்லடை அறியாது. ஆகையால் சோதனைச்சாலைகளில் மைக்ராஸ்கோப்பில் காமிராவைப் பொருத்தி, மணிகளை ஒன்றையொன்று தொடாதபடி பரப்பிப் படமெடுக்கின்றனர். கணிப்பொறி ஒவ்வொரு மணியின் பரப்பையும் சுற்றளவையும் அளக்கிறது. பரப்பை 12.57-ஆல் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்தால், முழுவட்டத்திற்கு 1-ம், சதுரத்திற்கு 0.785-ம் வரும். 1-ஐ நெருங்க நெருங்க மணி உருண்டையானது என்று கொள்க.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தட்டையான அப்பிரகத் துணுக்கு படுத்தே கிடப்பதால், படத்தில் உள்ளதினும் பெரிதாகத் தோன்றும். மேலும், 1 மில்லிமீட்டர் மணி ஒன்றின் எடை, 0.1 மில்லிமீட்டர் மணிகள் 1000-க்குச் சமம். எனவே எண்ணிக்கையை எடையென மயங்கலாகாது.

0.002 மில்லிமீட்டருக்குட்பட்ட களியைச் சாதாரண மைக்ராஸ்கோப்பால் செவ்வனே அளத்தல் அரிது. அதை நீரில் படியும் வேகத்தால் அறிவர். மணல் 10 சென்டிமீட்டர் ஆழத்தை ஒரு நிமிஷத்துக்குள் கடக்கும். களிக்கோ நம் வெப்பநிலையில் சுமார் ஆறு மணி நேரம் செல்லும்.

சாத்தான்குளம் முதலிய இடங்களில் தேரி நிலமுடைய மிராசுதார்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேரிமணல் நீரை நிறுத்தாது. ஆடிக் காற்றில் பறக்கவும் செய்யும். அதற்குக் குளத்துக் கரம்பை நல்ல மருந்து. ஆனால் கரம்பையென்று வண்டிக்கூலி கொடுத்து ஏற்றியது வெறும் நுண்மணலாயின், பொருளும் உழைப்பும் வீணே.

ஆகவே, ஏற்றுமுன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அக்கரம்பையும், மற்றொன்றில் நல்ல கரிசல் மண்ணும் சம அளவிட்டு, மழைநீரும் சிட்டிகை சலவைச்சோடாவும் சேர்த்து நன்கு குலுக்கி வைக்கவும். கடலோரக் கிணற்று உப்புநீர் கூடாது; உப்பு களியைத் திரளச்செய்து விரைவில் படியவைக்கும். ஆறு மணி நேரங்கழித்து இரண்டும் ஒத்த கலங்கலாயிருப்பின் கரம்பை நன்று. அது மட்டும் தெளிந்துவிடின் அதனைத் தொடவேண்டாம்.

கிராம அதிகாரிகள் கரம்பை எடுக்க அனுமதி கோருவோர்க்கு இச்சோதனையை முன்னரே கற்பித்தல் பெரும் உபகாரமாகும்.