நோபிதா இல்லத்து மனங்கள்

ஜப்பான் நாட்டின் தோக்கியோ நகரில், எளிய மாடி வீடு ஒன்றில் வாழ்கிறது நோபி குடும்பம். அதனைப் படைத்தவர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்னும் புனைபெயர் கொண்ட ஓவியர். 1970ஆம் ஆண்டு ஜனவரி இதழ்களில் சித்திரக்கதையாகத் தொடங்கிய 'டோரேமான்', பின்னர்த் தொலைக்காட்சி வழியே பல நாடுகளுக்கும் சென்றது. இந்தியச் சிறுவர் பலர் அதனை இந்தி மொழியில் கேட்டுச் சிரித்திருக்கின்றனர். அக்குடும்பத்தாரின் உள்ளங்களை இப்பாடம் உற்று நோக்குகிறது.

மகன் நோபிதா தேர்வில் சுழியம் பெறுவான், விளையாட்டில் தோற்பான், ஜியானிடம் அடிபட்டு அழுதுகொண்டே வீடு திரும்புவான். காண்போர் அவனைச் சோம்பேறி என்பர். உளவியல் அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறுவதில்லை. எத்துணை முயன்றாலும் விளைவு மாறாது என்று பன்முறை கண்ட உயிர், வழி திறந்திருக்கும்போதும் முயலாமல் இருந்துவிடுவதுண்டு. அமெரிக்க உளவியலறிஞர் மார்ட்டின் செலிக்மன் 1960களில் நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வில் இந்நிலையைக் கண்டார். இதனைக் 'கற்றுக்கொண்ட இயலாமை' என்பர். நோபிதாவும் இந்நிலைக்கு அண்மையில் இருப்பவனே. விரல்களில் நூலைக் கோத்து உருவங்கள் அமைப்பதிலும், குறி பார்த்துச் சுடுவதிலும் அவன் வல்லவன். அவற்றுக்கு அவனுடைய பள்ளி மதிப்பெண் இடுவதில்லை.

அன்னை தாமாகோ விடைத்தாளைக் கண்டதும் சினந்து நெடுநேரம் அறிவுரை கூறுவார். அச்சினத்தின் அடியில், இம்மகன் நாளை எவ்வாறு வாழ்வான் என்னும் அச்சம் கிடக்கிறது. அச்சம் சினமாக வெளிப்படுவதால், நோபிதா பாடத்தைக் கற்பதற்கு மாறாக விடைத்தாளை ஒளிக்கக் கற்றுக்கொள்கிறான்!

எதிர்காலத்திலிருந்து வந்த எந்திரப் பூனை டோரேமானுக்கும் ஓர் இறந்தகாலம் உண்டு. எலி வடிவ எந்திரம் ஒன்று அவனுடைய செவிகளைக் கடித்துவிட்டது. அன்றுமுதல் சிறு எலியைக் கண்டாலும் அவன் நடுங்குகிறான்.

இனி, பாட்டி. நோபிதா மழலையர் பள்ளியில் பயின்றபோதே மறைந்துவிட்டவர். பாட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்த பழைய கரடிப் பொம்மை ஒருநாள் நோபிதாவின் கையில் கிடைக்கிறது. தாயைப் பிரிந்திருக்கும் பொழுதைக் குழந்தை தாங்கிக்கொள்ள இத்தகைய பொம்மையோ துணியோ உதவுகிறது என்று இங்கிலாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் விளக்கினார். நோபிதா காலஎந்திரத்தில் ஏறிப் பாட்டியைக் காணச் செல்கிறான். வளர்ந்த சிறுவனாக நின்று, தான்தான் நோபிதா என்கிறான். பாட்டி ஐயுறவில்லை, சான்றும் கேட்கவில்லை. பேரன் பள்ளி செல்வதைக் காண விரும்பியவருக்காக, அவன் தன் புத்தகப் பையைத் தோளில் சுமந்து வந்து காட்டுகிறான். மதிப்பெண் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. பாட்டிக்குப் பின் அந்த மடியைத்தான் அவன் டோரேமானிடம் தேடுகிறான் எனலாம்.

தந்தை நோபிசுகே இளமையில் ஓவியராக விரும்பியவர். இப்பொழுது நிறுவனம் ஒன்றின் ஊழியர். ஓரிரவு மது அருந்திவிட்டு வந்து வாசலிலேயே படுத்துவிடுகிறார். தாமாகோ சினங்கொள்கிறார். இவரைக் கண்டிக்கத் தக்கவர் இவருடைய அன்னையே என்றெண்ணி, நோபிதாவும் டோரேமானும் அவரைப் பாட்டி வாழ்ந்த காலத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கு நடந்தது வேறு. மேலதிகாரியின் கொடுமையைச் சொல்லித் தாயின் மடியில் விழுந்து அழுகிறார் தந்தை. மறைவிலிருந்து காணும் சிறுவனுக்கு அப்போதுதான் விளங்குகிறது: பெரியவர்களுக்குச் சாய்ந்துகொள்ளத் தம்மினும் பெரியவர் எவரும் இல்லை. நகைச்சுவைக் கதையொன்றில் இவ்வளவு ஆழத்தை எதிர்பார்ப்பார் அரியர்.

மறுநாட் காலையில், நேற்றிரவு அம்மாவைக் கனவில் கண்டதாகத் தந்தை கூறுகிறார். நோபிதா உண்மையைச் சொல்லவில்லை.

சிந்தித்து எழுதுக

1. நோபிதா உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் யாது?

2. தாமாகோவைக் காலஎந்திரத்தில் அழைத்துச் செல்வதாயின் எவரிடம் அழைத்துச் செல்வாய்? அவர் அங்கு என்ன கூறுவார்?

3. தொலைவில், சொந்த ஊரில் வாழும் உன் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ ஒரு மடல் வரைக. உன் தந்தை அல்லது தாய் உன் வயதில் எதற்காக அழுதார் என்று அதில் கேட்டு எழுதுக.