நரைக்குச் சாயமிடுதல்: சட்டமும் செய்முறையும்

மனிதனைப் பலவீனமான நிலையில் படைத்து, பின்னர் பலத்தைக் கொடுத்து, அந்தப் பலத்திற்குப் பிறகு மீண்டும் பலவீனத்தையும் நரையையும் கொடுப்பவன் அல்லாஹ் என்று சூரத்துர் ரூமின் 54ஆம் ஆயத் நமக்கு நினைவூட்டுகிறது. சூரத்து மர்யமின் தொடக்கத்திலோ, நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் இறைவனிடம் பிள்ளை வேண்டிக் கையேந்தும்போது, எலும்பு தளர்ந்ததையும் தலை நரைத்து வெளுத்ததையும் முறையிட்டுவிட்டே தம் தேவையைக் கேட்கிறார்கள். ஒரு நபி தம் ரப்பின் முன் மறைக்காத நரையை நாம் வெட்கக்கேடாக எண்ணலாமா?

ஆனாலும் நரையைக் கண்டால் மனம் சோர்வது மனித இயல்பு. நாகர்கோவில் வடசேரியில் பெண்களுக்கான பயான் ஒன்று முடிந்ததும், திரைக்கு அப்பாலிருந்து ஒரு சீட்டு எம்மிடம் வந்தது. அதில் மூன்று கேள்விகள் இருந்தன. நரைக்குச் சாயம் போடுவது ஆகுமா? போடுவதானால் பார்லருக்குப் போகலாமா, வீட்டிலேயே போட்டுக்கொள்வது நல்லதா? போட்டபின் உளூவும் குளிப்பும் கூடுமா? இம்மாதப் பாடத்தை அச்சகோதரியின் கேள்விகளுக்கே ஒதுக்கியுள்ளோம்.

எம் வீட்டில் நடந்தது

சட்டத்திற்குள் நுழையுமுன் எம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எம் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்த நேரம். எம் வாப்பாவுக்கு ஒரு கவலை. தலையும் தாடியும் வெளுத்துக் கிடக்கும் தம்மைக் கண்டால், இந்தக் கிழவன் மகளுக்கு என்ன செய்துவிடப் போகிறான் என்று வந்தவர்கள் நினைப்பார்களோ என்று எண்ணினார்கள். யாரிடமும் சொல்லாமல் ஒரு சலூனுக்குப் போய்க் கருஞ்சாயம் போட்டு வந்தார்கள். மறுநாள் விடிந்தபோது நெற்றி வீங்கி, இமைகள் ஒட்டிக்கொண்டு, காதோரம் நீர் கோத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வாப்பா உள்ளறையை விட்டு வரவில்லை. மாப்பிள்ளையின் வாப்பாவோ, தாடியில் மருதாணிச் சிவப்போடு, முழு நரையோடு வந்து அமர்ந்திருந்தார்கள்!

பின்னர் வாப்பா எம்மிடம் சொன்னார்கள்: "மக்களே, நரையைப் பாத்து யாரும் திரும்பிப் போவல்ல. அதை மறைக்கப் போயி நான் மொகத்தையே மறைச்சிக்கிட்டு இருந்தேன்."

ஒரு வார காலம் மருத்துவரிடம் போய் வந்தார்கள். அந்த வார ஜும்ஆவும் தவறிப்போயிற்று. ஓதிப் படித்த நாம் ஒருவர் வீட்டில் இருந்தும், இதில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று வாப்பாவிடம் ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லையே என்ற வருத்தம் இன்றும் எமக்கு உண்டு. அந்த வருத்தமும் இக்கட்டுரைக்கு ஒரு காரணம்.

மக்கா வெற்றி நாளில்

ஹிஜ்ரி 8இல், அதாவது கி.பி. 630இல், மக்கா வெற்றிகொள்ளப்பட்ட வேளை. ஹலரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் தம் தந்தை அபூ குஹாஃபா (ரலி) அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்தார்கள். பார்வை போன முதியவர். தொண்ணூறை எட்டிய வயது. பெரியவரை வீட்டிலேயே விட்டிருக்கலாமே, நாமே அங்கு வந்திருப்போமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்களாம். முதியவர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். அவர்களின் தலையும் தாடியும் வெண்பூ பூக்கும் ஸகாமா செடியைப்போல் முற்றிலும் வெளுத்திருந்தன. அதை ஏதேனும் ஒன்றைக் கொண்டு மாற்றும்படியும், கருப்பைத் தவிர்க்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது.

யூதரும் கிறிஸ்தவரும் சாயமிடுவதில்லை, நீங்கள் அவர்களுக்கு மாறு செய்யுங்கள் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. நரையை மாற்றுவதற்குச் சிறந்தவை மருதாணியும் கதமும் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்களின் அறிவிப்பு திர்மிதீ, அபூதாவூத் முதலிய நூல்களில் இருக்கிறது. அபூபக்ர் (ரலி) அவர்கள் மருதாணியும் கதமும் சேர்த்தும், உமர் (ரலி) அவர்கள் தனி மருதாணியாலும் சாயமிட்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

நாயகம் (ஸல்) அவர்களுக்கோ நரை மிகக் குறைவு; இருபது முடிக்கு மேல் இராது என்று சொல்லப்படுகிறது. வெள்ளை முடியைப் பிடுங்க வேண்டாம், அது முஸ்லிமின் ஒளி என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. ஆகவே ஒன்றிரண்டு நரை கண்டவுடன் கண்ணாடி முன் நின்று பிடுங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

சாயமிடுதல் கட்டாயமா என்றால், இல்லை. ஸஹாபாக்களில் சாயமிட்டவர்களும் உண்டு. வெண்மையை அப்படியே விட்டவர்களும் உண்டு. ஒருவர் மற்றவரைக் குறை கூறவில்லை. இமாம்கள் இதை விரும்பத்தக்க செயலாகவே எண்ணினர்.

கருப்பு நிறம் பற்றி

ஷாபியீ மத்ஹபில், போர்க்களத்தில் எதிரிக்கு அச்சமூட்டுவதற்கன்றி, கருஞ்சாயம் கூடாது என்பதே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் உறுதிப்படுத்திய சொல். ஹனபி மத்ஹபில் பெரும்பாலோர் மக்ரூஹ் என்பர். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள், கணவன் மனைவி ஒருவருக்கொருவர் அழகுபடுத்திக் கொள்வதற்காக அனுமதித்ததாகவும் வந்துள்ளது. நம் மாவட்டத்தில் இரு மத்ஹபினரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறோம். ஒருவர் தம் மத்ஹபின் சட்டத்தைப் பேணட்டும். அடுத்தவரின் தலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்றுபடுகின்றனர். திருமணம் பேசும்போது வயதை மறைப்பதற்காக, ஆணோ பெண்ணோ சாயமிட்டு எதிர்த்தரப்பை ஏமாற்றுவது மோசடி. அது எந்த நிறமாயினும் சரியே. அதேபோல் கணவனை இழந்து நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும் பெண், மருதாணியாயினும் தலைச்சாயம் இடக்கூடாது. மாதவிலக்கில் மருதாணி இடக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதற்கோ ஆதாரமில்லை. அதைத் தடுத்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக இப்னு மாஜாவில் செய்தி உள்ளது.

சலூனா, வீடா?

ஆண்கள் சலூனில் சாயமிடுவது விலக்கப்பட்டதன்று. பெண்களுக்கோ, அந்நிய ஆண்களின் பார்வை படும் இடத்தில் தலைமுடியைத் திறப்பது கூடாது. பெண்களே நடத்தும் பார்லர் என்றாலும், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பவர் யார், உள்ளே யார் கையில் கேமரா போன் இருக்கிறது என்பதையெல்லாம் கவனிக்க வேண்டியிருக்கிறது. பேணுதலுக்கு வீடே நல்லது. பின்தலையில் கை எட்டாதே என்பார்கள். தாயும் மகளும், கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வேண்டியதுதான். நாயகம் (ஸல்) அவர்களின் தலையை ஆயிஷா (ரலி) அவர்கள் வாரிவிட்டதாக ஹதீஸில் பார்க்கிறோமே!

மற்றொரு காரணமும் உண்டு. கடையில் கிண்ணத்தில் குழைத்து வைத்திருப்பது எது என்று நமக்குத் தெரியாது. பெரும்பாலான கருஞ்சாயங்களில் பாரா ஃபினைலீன் டையமின் என்ற இரசாயனம் சேர்கிறது. சிலருடைய தோலுக்கு அது ஒவ்வாது. அரிப்பு, கொப்புளம், முகவீக்கம் உண்டாகும். முன்பு பலமுறை போட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் ஒருநாள் திடீரென ஒவ்வாமல் போகலாம். கருப்பு மருதாணி என்று விற்கப்படும் பொடிகள் பலவற்றிலும் இது கலந்திருக்கிறது. மருதாணி என்ற பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. மருதாணி தனியே ஒருபோதும் கருப்பு தராது. இன்னொன்று: இந்தச் சாயங்கள் வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைபடும், சிறுநீரகமும் கெடும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் வாங்கி வைத்திருப்போர் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பது கடமை.

வீட்டில் செய்யும் முறை

கதம் என்பது யமன் நாட்டுப் பக்கம் அறியப்பட்ட செடி. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்காது. அதன் இடத்தில் நம் முன்னோர் கையாண்டது அவுரி. துணிக்கு நீலம் ஏற்றிய அதே அவுரிதான். அரபு நாட்டாரும் வஸ்மா என்ற பெயரில் இவ்வகை இலையை முடிக்கு இட்டிருக்கின்றனர். வடசேரி கனகமூலம் சந்தைப் பக்கமோ கோட்டாற்றுக் கடைகளிலோ நாட்டுமருந்து வாங்கச் செல்வோர் "நீலி அவுரி" என்று சேர்த்தே கேட்க வேண்டும். வெறும் அவுரி என்றால், வயிற்றைப் போக்கும் நிலாவரை இலையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் அதற்கும் அவுரி என்றே பெயர். அதில் நீலமும் இல்லை, கருப்பும் இல்லை.

முதலில், இரண்டு பொடியையும் சிறிதளவு நீரில் குழைத்து முழங்கை மடிப்பில் தடவி, கழுவிவிட்டு, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ இல்லையெனில் மேலே செல்லலாம்.

1. தோள்வரை உள்ள முடிக்கு 100 கிராம் மருதாணிப் பொடி போதும். ஆறிய தேயிலைச் சாற்றில் சிறிது எலுமிச்சஞ்சாறு விட்டு, தோசைமாவுப் பதத்தில் குழைத்து இரவு முழுவதும் மூடி வைக்கவும்.

2. மறுநாள் தலையை எண்ணெய்ப் பசையின்றிக் கழுவி உலர்த்தவும். எண்ணெய் இருந்தால் சாயம் பிடிக்காது. நெற்றியோரத்திலும் காதிலும் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவினால் தோலில் கறை ஏறாது.

3. அவுரிப் பொடி 50 கிராமை வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைக்கவும். இதை முன்னதாகக் கரைத்து வைத்தால் வீரியம் போய்விடும். உடனே மருதாணியோடு கலந்து, முடியைப் பாகம் பாகமாகப் பிரித்து வேரிலிருந்து பூசவும்.

4. இரண்டு மணி நேரம் கழித்து வெறும் நீரால் அலசவும். அன்று சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம். முதலில் செம்மை தூக்கலாகத் தெரியும். காற்றுப்பட்டு ஓரிரு நாளில் பழுப்பாகக் கறுக்கும். சளி, இளைப்பு உள்ளவர்கள் மழைநாளில் நெடுநேரம் ஈரத்தலையோடு இருக்க வேண்டாம்.

அவுரி கூடக்கூடக் கருமை கூடும். மருதாணியிட்டு அலசிய பின், தனி அவுரியை மறுபடி பூசினால் ஏறக்குறைய கருப்பே வந்துவிடும். இலைதானே, இரசாயனம் இல்லையே என்று சிலர் கேட்கலாம். கருப்பைக் கூடாது என்போர் பேசுவது நிறத்தைப் பற்றி, பொருளைப் பற்றியன்று. ஆகவே ஷாபியீகள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, மருதாணியே மிகுதியாக இருக்கும்படி செய்து, பழுப்பு நிறத்தோடு நின்றுகொள்வதே பேணுதல்.

உளூவும் குளிப்பும்

நெசவுக்குப் பேர்போன வடசேரிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நூலுக்குள் இறங்கிய சாயம் வேறு. நூலின்மேல் பசையாக ஒட்டி நிற்பது வேறு. முடியில் ஏறிய நிறம் தண்ணீரைத் தடுக்காது. ஆகவே உளூவும் கடமையான குளிப்பும் கூடும். ஆனால் பூசிய விழுது தலையில் காய்ந்து நிற்கும்போது குளித்தால், நீர் முடிக்கும் வேருக்கும் சேராது, குளிப்பு நிறைவேறாது. விழுதின்மேல் மஸ்ஹு செய்வதும் போதாது. நகப்பூச்சையும் மருதாணிக் கறையையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். சலூனாயினும் வீடாயினும் சட்டம் ஒன்றே.

எனவே சுப்ஹு தொழுது, வீட்டு வேலை முடித்துப் பூசினால், லுஹருக்கு முன் அலசிவிடலாம். தலையில் சாயம் இருக்கிறது என்று ஒரு வக்தைக் களாவாக்குவது, சுன்னத்தை நாடிப் பர்ளை இழப்பதாகும்.

முடிவாக

எம் வாப்பா இப்போது மாதம் ஒருமுறை, வியாழக்கிழமை காலையில் திண்ணையில் அமர்வார்கள். எம் உம்மா மருதாணி பூசிவிடுவார்கள். மறுநாள் ஜும்ஆவுக்குச் சிவந்த தாடியோடு முன்வரிசையில் போய் உட்காருவார்கள். தங்கையின் திருமணமும் அதே இடத்தில், அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக நடந்தது. வாப்பாவின் வயதை அங்கே யாரும் கேட்கவேயில்லை.

பெற்றோரின் நரையைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் சாயமிட விரும்பினால் நீங்களே குழைத்துக் கொடுங்கள். வெண்மையாகவே விட விரும்பினால் அதையும் மதியுங்கள். அபூ குஹாஃபா (ரலி) அவர்களின் கையைப் பிடித்து வந்த மகனைப்போல் நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.