திருகுவதற்கு முன் அளந்து பார்

அன்புத் தம்பிக்கு,

ஊட்டியில் சொந்தப் பட்டறை போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். மனசு நிறைந்தது. "வண்டி இழுக்கல, மேடு ஏறினா தட்டுது, ஐடிலிங் நிக்கல" என்று மூன்று புகாரோடு ஒரு கார் உன் வாசலுக்கும் வரும். மூன்றையும் மூன்று நோயாக எடுத்துக்கொண்டு தனித்தனியாக மருந்து கொடுக்காதே. மூன்றும் எங்கே சந்திக்கின்றன என்று முதலில் தேடு. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சத்தத்திலிருந்து ஆரம்பி. டாப் கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் 'கிணிகிணி' என்று கேட்டால் அது எரிப்பில் வரும் தட்டல். பிளக் பொறி போட்ட பிறகு, கடைசியில் எரிய வேண்டிய கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிக்கிறது. டைமிங் முந்தியிருப்பது, பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை, எரியறையில் படிந்த கரி, அதிக சூடு என்று அதற்குக் காரணங்கள் பல. அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாகக் கேட்டால் ராடு பேரிங்கைச் சந்தேகி. பழைய கார்புரேட்டர் வண்டியில் ஒவ்வொரு பிளக்காகப் பொறியை நிறுத்திப் பார். கழற்றிய ஒயரை எர்த்தில் வைக்க மறக்காதே. எந்த சிலிண்டரை நிறுத்தும்போது அந்தச் சத்தம் அடங்குகிறதோ, கோளாறு அங்கே. ஆயில் அளவையும் பிரஷரையும் பார்க்காமல் அந்த இன்ஜினை மேலும் ஓட்டாதே. மேலே மெல்லிய 'டிக் டிக்' என்றால் டேப்பெட் இடைவெளி.

அடுத்தது வேக்கம் கேஜ். விலை குறைவு, சொல்லும் சேதி அதிகம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, த்ராட்டிலுக்குக் கீழே மேனிஃபோல்டில் நேரடியாக இணை. நல்ல இன்ஜின் கடல் மட்டத்தில், ஐடிலிங்கில் 17 முதல் 22 அங்குலம் வரை காட்டும். முள் ஆடாமல் நிற்கும். முள் ஒழுங்கான இடைவெளியில் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. ஐடிலிங்கில் படபடத்து, வேகம் கூடியதும் நிலைத்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். 2,500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் பக்கம் அடைப்பு. ஆடாமலே தாழ்வாக நின்றால் மூன்று இடங்களைப் பார்: மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு, பொறி டைமிங், வால்வு டைமிங். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை நெருக்கிப் பார்ப்பதும் அதில் சேர்த்தி. கசிவு தேடுகிறேன் என்று சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் தெளிக்காதே, தீப்பிடித்துவிடும்.

உன் ஊருக்கென்றே ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் அடி ஏறினால் முள் ஏறக்குறைய ஒரு அங்குலம் இறங்கும். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல். மேட்டுப்பாளையத்தில் 20 காட்டும் வண்டி உன்னிடம் 14 காட்டினால் அது நோயல்ல. ஆனால் 9 காட்டினால் மலைமேல் பழி போட்டுவிடாதே.

அப்படிப் பழி போட்ட ஒரு ஆம்னி மலையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தது. மேலே இருக்கும்போது இழுவை இல்லை என்று யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி டைமிங்கை முந்த வைத்திருக்கிறார்கள். அங்கே காற்று மெலிது; சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு; அதனால் தட்டவில்லை. சமவெளியில் ஆள் ஏற்றிக்கொண்டு டாப் கியரில் மிதித்ததும் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஹெட்டை இறக்க வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்களாம். கேஜ் வைத்தேன்: 15, முள் துளியும் ஆடவில்லை. டைமிங் லைட் அடித்தேன்: பொறி ரொம்பவும் முந்தியிருந்தது. பொறி முந்தியும் வேக்கம் ஏறவில்லை என்றால் கோளாறு வேறிடத்தில். பெல்ட் கவரைக் கழற்றினேன். கிராங்க் புள்ளி நேராக இருந்தது. கேம் புள்ளி ஒரு பல் பின்தங்கி நின்றது.

ஒரு பல் என்றால் கிராங்கில் பத்து டிகிரிக்கு மேல். வால்வு தாமதமாக மூடுகிறது. இழுத்த காற்றில் கொஞ்சம் திரும்பி ஓடுகிறது. வேக்கமும் இழுவையும் சேர்ந்து குறைகின்றன. அந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவதும் கேம்தான் என்பதால் பொறியும் பின்தங்கியது. அதைச் சரிக்கட்டத் திருகிய கை, தேவைக்கு மேல் திருகிவிட்டது. புது பெல்ட் போட்டு, புள்ளி சேர்த்து, அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி வைத்துக்கொண்டு புத்தகத்தில் சொன்ன டிகிரிக்கு டைமிங் வைத்தேன். முள் 20க்கு ஏறியது. தட்டல் போயிற்று. ஹெட்டில் கை வைக்கவே இல்லை.

புது வண்டிகளில் நாக் சென்சார் தட்டலைக் கேட்டதும் பொறியைத் தானே பின்தள்ளிவிடும். காதுக்குச் சத்தம் வராது; இழுவை இல்லை என்ற புகார் மட்டும் வரும். அங்கே ஸ்கேனரில் இக்னிஷன் டைமிங்கையும் மேனிஃபோல்ட் அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. கருவி மாறினாலும் கேள்வி அதேதான்.

வந்த நிலையில் வண்டி காட்டிய வேக்கம், டைமிங், கம்ப்ரஷன் மூன்றையும் ஜாப் கார்டில் எழுதிய பிறகே ஸ்பேனரை எடு. எதையாவது திருகிவிட்டால் வந்த நிலை திரும்பக் கிடைக்காது. வேலை முடிந்ததும் அதே மூன்றையும் மறுபடி அளந்து, பக்கத்தில் எழுதி, வண்டிக்காரரிடம் காட்டிவிட்டுப் பிறகு பணம் வாங்கு. மாடல் தெரியாத வண்டியிலும், அவசரப்படுத்தும் ஆளிடமும் இந்த ஒழுங்கை விடாதே.

அன்புடன்,
மேட்டுப்பாளையத்திலிருந்து
உன் அண்ணன்