சொல் அறிவோம்: விடுதி



கல்விச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டு ஒரு மாணவி வீட்டில் கொடுத்த கடிதத்தில், "இரவு ஹோட்டலில் தங்குவோம்" என்று எழுதியிருந்தார். வாப்பா கையொப்பமிட மறுத்துவிட்டார். மாணவி எழுத நினைத்தது 'ஹொஸ்டல்'. ஆசிரியைகளின் பொறுப்பில் ஒரு மாணவியர் விடுதியில் தங்கவே ஏற்பாடாகியிருந்தது. ஒரு சொல் மாறியதால் ஒரு பயணமே நின்றுவிடப் பார்த்தது. எனவே இச்சொற்களை விளங்கிக்கொள்வோம்.

ஹோட்டல், ஹொஸ்டல்

முன்னதில் 'ஹோ' நெடில். பின்னதில் 'ஹொ' குறில், அடுத்து 'ஸ்' வரும். இரண்டும் விருந்தினரைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வேரில் பிறந்தவை. பிரெஞ்சு மொழியில் 'ஸ்' ஒலி தேய்ந்து 'ஹோட்டல்' ஆயிற்று. நாம் 'ஆஸ்பத்திரி' என்பதும் அதே குடும்பம்தான்.

இன்று பொருள் வேறு. ஹோட்டலில் அறைக்கு வாடகை. நம் ஊர்களில் சாப்பாட்டுக் கடைக்கும் அதுவே பெயர். ஹொஸ்டல் என்பது மாணவர் தங்குமிடம். குறைந்த செலவில் பயணிப்போர் ஒரே அறையைப் பகிர்ந்து, கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்துத் தங்குமிடமும் அதுவே. இளைஞர் விடுதி என்ற எண்ணம் 1909 இல் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானிய ஆசிரியருக்கு உதித்தது. மாணவர்களோடு நடைப்பயணம் சென்றவர், புயல் மழையில் ஒரு பாடசாலையில் ஒதுங்கினார். விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கும் வகுப்பறைகளில் பயணம் செய்யும் பிள்ளைகள் தங்கலாமே என்று அப்போது நினைத்தார்.

விடுதி

விடு + தி = விடுதி. தகு, பகு என்பன 'தி' விகுதி பெற்றுத் தகுதி, பகுதி ஆவதுபோல இதுவும் அமைந்தது. ஆகவே 'விடுத்தி' என எழுதுவது பிழை.

சத்திரம்

வழிப்போக்கர் உண்டு தங்கும் அறச்சாலை. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் ஒரு சத்திரம் உண்டு. 'சத்திரசிகிச்சை' என்பதில் வரும் சத்திரம் வேறு. அது கருவியைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு. 'சாத்திரம்' என நீட்டினால் நூல் என்று பொருள்படும். ஒரு மாத்திரை கூடினால் பொருளே மாறிவிடுகிறது.

மடம், வாடிவீடு

பருத்தித்துறையில் தெருவையே மூடி நிற்கும் 'தெருமூடிமடம்' வழிநடைப் பயணிகள் இளைப்பாறக் கட்டியது. ஆங்கிலேயர் காலத்து 'ரெஸ்ட் ஹவுஸ்' என்பதை நாம் 'வாடிவீடு' என்கிறோம். மீன்வாடிகளைப் பார்த்து வளர்ந்த முந்தல் பிள்ளைகளுக்கு 'வாடி' புதிய சொல் அல்ல.

முஸாபிர்

பயணியைக் குறிக்கும் அரபுச் சொல். பயணிகள் தங்குமிடம் 'முஸாபிர்கானா'. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினருள் வழிப்போக்கரும் ஒருவர். அவரை 'இப்னுஸ் ஸபீல்', அதாவது 'பாதையின் மகன்', என்கிறது அல்குர்ஆன். 1344 இல் நம் புத்தளக் கரையில் இறங்கிய இப்னு பதூதாவும் அத்தகைய ஒரு முஸாபிரே.

பெற்றோருக்கு ஒரு சொல். விடு என்பதன் முதலெழுத்து நீண்டால் 'வீடு'. கெடு கேடாவதும் சுடு சூடாவதும் இப்படியே. இலக்கணம் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்கிறது. ஆக, வீடும் விடுதியும் ஒரே தாயின் பிள்ளைகள். நாளை உங்கள் மகள் பல்கலைக்கழக விடுதிக்குப் போகும்போது இதனை நினைத்துக்கொள்ளுங்கள். யார் பொறுப்பில், எந்த இடத்தில் என்று கேளுங்கள்; பெயரைக் கேட்டே பயந்துவிட வேண்டாம்.

பயிற்சி

1. 'தி' விகுதி பெற்ற வேறு மூன்று பெயர்கள் எழுதுக.
2. சத்திரம், சாத்திரம் ஆகியவற்றை வாக்கியங்களில் அமைக்க.
3. கல்விச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டுப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதுக. தங்குமிடத்தைச் சரியான சொல்லால் குறிப்பிடுக.