நெஞ்சு படபடத்தால் சோடா, ஆள் விழுந்தால் கார்: இரண்டுமே தப்பு

2024 ஜூலையில் வெள்ளகோவிலில் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர், நெஞ்சு வலியோடு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, உள்ளே இருந்த குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்தார். அவர் பிழைக்கவில்லை. தமிழ்நாடே அவருக்காகக் கலங்கியது. அன்று என்ன செய்திருக்கலாம் என்று இப்போது தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. ஆனால் நாளை நம் கண்ணெதிரே ஒருவர் சாய்ந்தால் என்ன செய்வது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொங்கு நாட்டில் இதயத் துடிப்பைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகள் நம் கையைக் கட்டிப்போட்டிருக்கின்றன.

நம்பிக்கை: படபடப்பா? கேஸ்தான்.

“ஏனுங்க, நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க.” “கேஸா இருக்குமுங்க, ஒரு சோடா குடிச்சுட்டுப் படுங்க.” சூலூரானாலும் பொள்ளாச்சியானாலும் முதல் வைத்தியம் இதுதான். பெரும்பாலான படபடப்பு ஆபத்தில்லாதது என்பது உண்மை. தூக்கக் குறைவு, பதற்றம், ரத்தசோகை, தைராய்டு என்று காரணம் பல. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு திடீரென்று நிமிடத்துக்கு 160, 180 என்று ஓடி, வந்தது போலவே சட்டென்று நின்றால், அது இதயத்தின் மின்பாதைக் கோளாறாக இருக்கலாம். இளம்பெண்கள் பலரை “பயந்த சுபாவம்” என்று சொல்லியே வருடக்கணக்கில் அனுப்பிவிடுகிறார்கள். இது என்னை மிகவும் வருத்துகிறது. ஏனென்றால் இது தீர்க்கக்கூடிய நோய். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, கோளாறான இடத்தை மட்டும் சுட்டுவிடும் சிகிச்சையில் பெரும்பாலானோருக்கு நிரந்தரக் குணம் கிடைக்கிறது. கோவையிலேயே இதைச் செய்கிறார்கள். படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

நம்பிக்கை: ஈ.சி.ஜி. நார்மல், அதனால் ஒன்றுமில்லை.

சாதாரண ஈ.சி.ஜி. ஏறக்குறைய 10 விநாடி நேரத்துத் துடிப்பைத்தான் காட்டும். படபடப்பு அடங்கிய பிறகு எடுத்தால் அதில் என்ன தெரியும்? துடிக்கும்போதே பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கிளினிக்குக்கோ போய் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அந்த ஒரு தாள் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். அப்படி அகப்படாவிட்டால், 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் கட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். சோமனூர் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குத் தறி தாளம் தப்பினால் உடனே காது பிடித்துவிடும். நாடியும் அப்படித்தான், சீராக இருக்க வேண்டும். எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாக ஓடினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். அதில் இதயத்தின் மேலறைக்குள் ரத்தம் கட்டி, மூளைக்குப் போய் அடைக்கும். பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. “ரத்தம் தண்ணியாயிடும்” என்று பயந்து, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர்கள் இந்த ஆபத்தைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த வகை மாத்திரையான அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் கீரையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டு, டாக்டர் சொன்ன நாளில் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும்.

நம்பிக்கை: பேஸ்மேக்கர் வைத்தால் ஆயுசு அவ்வளவுதான்.

1958-ல் ஸ்வீடனில் உலகிலேயே முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன், 2001-ல் தம் 86-ஆவது வயதில்தான் இறந்தார், அதுவும் புற்றுநோயால். மிக்ஸி, டி.வி., ஃபேன் எதுவும் தொந்தரவில்லை. செல்போனைச் சட்டைப்பையில் வைக்காமல் எதிர்ப்பக்கக் காதில் பேசினால் சரி. வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர் மட்டும் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம்பிக்கை: ஆள் விழுந்துவிட்டால் காரில் அள்ளிப்போட்டு ஓடு.

உயிர்கள் அதிகம் போவது இங்கேதான். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுவது. நோயாளி பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பார். அதற்கு 108, ஆஸ்பத்திரி என்று விரைவது சரி. ஆனால் இதயமே நின்றுபோனவர் திடீரென்று சரிவார், கூப்பிட்டால் அசையமாட்டார், சரியாக மூச்சு விடமாட்டார். நெஞ்சை அழுத்தாமல் விடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி ரோடு மேம்பாலத்தில் ஏறிப் பறந்தாலும் அந்த நிமிடங்கள் திரும்பிக் கிடைக்காது.

விழுந்தவருக்கு முதலில் கைகால் வெட்டலாம். உடனே “வலிப்பு” என்று சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறோம். வாய் திறந்து கொர்... கொர்ரென்று இழுக்கும். “மூச்சு இருக்குங்க” என்று விட்டுவிடுகிறோம். அது மூச்சல்ல, நின்றுபோன இதயத்தின் அடையாளம். வலிப்புக்கே இரும்பு மருந்தில்லை. தண்ணீரும் ஊற்றக் கூடாது. தனியே இருந்தால் இருமிக்கொண்டே இருங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரையையும் எந்த மருத்துவ அமைப்பும் பொதுமக்களுக்குச் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது இது. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதிலில்லை, மூச்சு சரியில்லை என்றால் ஒருவரை 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, விழுந்தவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கை, அதன்மேல் இன்னொன்று. முழங்கையை மடக்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். களைத்தால் ஆள் மாறுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டாலும் பெரியவர்களுக்கு அழுத்துவது மட்டுமே உதவும். இந்திய மயக்கவியல் வல்லுநர்கள் 2017-ல் பொதுமக்களுக்காக வகுத்த முறையும் அதுதான். நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் தேவை. அதைப் பயிற்சியில் கற்கலாம்.

டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று மைதானத்தில் விழுந்தபோது யாரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே அழுத்தினார்கள், விழுந்த இடத்திலேயே ஷாக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் உலகக் கோப்பையில் ஆடினார்.

விலா உடையுமே என்ற பயம் வேண்டாம். உடைந்த விலா கூடிவிடும். போலீஸ் கேஸ் வருமோ என்றும் தயங்க வேண்டாம்; உயிர்காக்க நல்லெண்ணத்தோடு செய்வதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு காக்கிறது. விழுந்தது பெண்ணென்றால் ஆண்கள் தொடத் தயங்கி நிற்பதற்கும் விலை ஓர் உயிர்தான்.

150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குச் சான்றிதழ் பெற்ற ஒருவர் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. மில், பவுண்டரி, பனியன் கம்பெனி முதலாளிகளும் பள்ளித் தாளாளர்களும் பஸ் உரிமையாளர்களும் தங்களிடம் முதலுதவிக்குப் பொறுப்பானவர்களின் பெயர்ப் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் உள்ளவருக்கு நெஞ்சை அழுத்தத் தெரியுமா என்று நேரில் கேளுங்கள். தெரியாதென்றால், கோவையில் மருத்துவக் கல்லூரிகளும் பெரிய மருத்துவமனைகளும் உயிர்காப்புப் பயிற்சி தருகின்றன. ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேரையாவது, ஒவ்வொரு வேன் ஓட்டுநரையும் உதவியாளரையும் இந்த மாதமே அனுப்பிவையுங்கள்.