வெர்னாச்சா: ஓர் உள்ளூர்ப் பெயரின் கதை

மும்பையில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அலைந்த பெற்றோர் 'வெர்னாகுலர் மீடியம்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். தாய்மொழிப் பள்ளிகளை ஒரு படி கீழே வைத்துப் பேசும் தொனி அதில் உண்டு. 1878இல் ஆங்கில அரசு இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலும் இச்சொல்தான் இருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளை அச்சட்டம் தொடவில்லை.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. 'வெர்னா' என்றால் எசமான் வீட்டிலேயே பிறந்த அடிமை. அதிலிருந்து வந்த 'வெர்னாகுலுஸ்' என்பதற்கு வீட்டில் பிறந்தது, உள்ளூரைச் சேர்ந்தது என்று பொருள். இதே வேரிலிருந்து வந்ததாகப் பலர் கருதும் ஒரு பெயரை, இத்தாலியில் ஒரு சிற்றூர் மக்கள் தங்கள் புட்டிகளின் மேல் பெருமையோடு ஒட்டுகிறார்கள். அந்தப் பெயர் வெர்னாச்சா. அது ஒரு வெள்ளைத் திராட்சையையும், அதிலிருந்து செய்யும் ஒயினையும் குறிக்கும். உணவுப் பண்டங்களின் வரலாற்றை விரும்பிப் படிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குடிப்பழக்கத்துக்குப் பரிந்து பேசுவது என் நோக்கமன்று.

ஊரும் வரலாறும்

மத்திய இத்தாலியில் தஸ்கனிப் பகுதியில், ஒரு குன்றின் மேல் இருக்கிறது சான் ஜிமிஞானோ. ரோமாபுரிக்குச் சென்ற யாத்திரிகர்களின் பழைய பாதை இவ்வூர் வழியே சென்றது. அதனால் வாணிகம் செழித்தது. செல்வக் குடும்பங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கற்கோபுரங்களை எழுப்பின. ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தன என்பர். இன்று நிற்பவை 14. யுனெஸ்கோ 1990இல் இவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஊரிலிருந்து வெளியே போகும் வெர்னாச்சாவுக்கு வரி விதித்த செய்தி 1276ஆம் ஆண்டு ஆவணத்தில் காணப்படுகிறது. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே அது ஏற்றுமதிச் சரக்கு என்பது இதனால் விளங்கும். பின்னர் 1348இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியது. 1353இல் ஊர் பிளாரன்ஸ் நகரின் ஆட்சிக்குள் சென்றது. அதன் பிறகு பழைய செல்வாக்கு திரும்பவில்லை.

பெயரால் வந்த குழப்பம்

இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் பெருங்காவியத்தில், வெர்னாச்சாவில் சமைத்த விலாங்கு மீனுக்கு ஆசைப்பட்ட போப்பாண்டவர் நான்காம் மார்ட்டினைக் குறிப்பிடுகிறார். அது எந்த ஊர் வெர்னாச்சா என்று அவர் சொல்லவில்லை. சிக்கல் இங்கேதான். 'உள்ளூரது' என்பதை எந்த ஊராரும் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? சார்தீனியத் தீவின் ஒரிஸ்தானோவிலும் ஒரு வெர்னாச்சா உண்டு. மார்க்கே பகுதியின் செர்ராபெத்ரோனாவிலோ அதே பெயரில் கருந்திராட்சையிலிருந்து நுரைக்கும் சிவப்பு ஒயின் செய்கிறார்கள். பெயர் ஒன்றுதான், திராட்சைகள் வெவ்வேறு.

ஒயின் ஆகும் விதம்

பனையிலிருந்து இறக்கிய பதநீர், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் கள்ளாக மாறுவதை நாம் அறிவோம். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒயினிலும் நடப்பது இதுதான்.

முற்காலத்தில் திராட்சைத் தோலையும் சாற்றோடு ஊறவிட்டு மரப் பீப்பாய்களில் நொதிக்க விடுவார்கள். நிறம் அடர்ந்து, சுவையில் துவர்ப்பு ஏறும். இன்று பெரும்பாலும் பழத்தைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிவிட்டு, சாற்றை மட்டும் எஃகுத் தொட்டிகளில் நொதிக்க வைக்கிறார்கள். தொட்டியைக் குளிர்வித்து வெப்பத்தை ஏறக்குறைய 16 முதல் 18 டிகிரிக்குள் வைக்கிறார்கள். மார்கழியில் இட்லி மாவு மெல்லப் பொங்குவதையும், சித்திரையில் விரைவாகப் புளித்துவிடுவதையும் எண்ணிப் பாருங்கள். சூடு ஏறினால் நொதித்தல் விரைகிறது. பழத்தின் மணம் வாயுவோடு பறந்துவிடுகிறது. குளிர்ச்சியில் மெதுவாக நடந்தால் மணம் தங்குகிறது. இந்த ஒயினின் புத்துணர்ச்சிக்கு இது ஒரு காரணம். திராட்சையின் இயல்பான புளிப்பு மற்றொன்று. வைக்கோல் நிறமும், கடைசியில் நாவில் தங்கும் பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பும் இதன் அடையாளங்கள்.

மண்ணும் தனித்தன்மை உடையது. இந்தக் குன்றுகள் முன்னொரு யுகத்தில் கடலடியாக இருந்தவை. மணலும் மஞ்சள் களிமண்ணும் கலந்த தோட்டங்களில் இன்றும் கிளிஞ்சல் புதைபடிவங்கள் கிடைக்கின்றன.

சட்டம் செய்த காவல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தஸ்கனியின் வாரக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் நிலத்தை விட்டு ஆலை நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு அந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தைப் பேணக் கைகள் இல்லாவிட்டால் பெயர் மட்டும் எத்தனை நாள் நிற்கும்?

இத்தாலிய அரசு 1963இல் ஒயின்களின் பிறப்பிடப் பெயர்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1966இல் முதன்முதலாக அந்தக் காவலைப் பெற்றவற்றுள் 'சான் ஜிமிஞானோ வெர்னாச்சா' ஒன்று. 1993இல் அதற்கு மேலான உத்தரவாதத் தகுதியும் கிடைத்தது. விதி தெளிவானது: பழம் அவ்வூர் எல்லைக்குள் விளைய வேண்டும், குறைந்தது 85 விழுக்காடு வெர்னாச்சாத் திராட்சையாக இருக்க வேண்டும், விற்பனைக்கு வருமுன் வேதியியல் சோதனையிலும் சுவைப்போர் குழுவின் தேர்விலும் தேற வேண்டும். எந்த ஊருக்கும் பொருந்திய பொதுப்பெயர், ஊர்ப்பெயரோடு சேர்ந்து எழுத்தில் வரையறை பெற்றதும் ஒரே ஊரின் உடைமையாயிற்று.

நமக்கு ஒரு பயிற்சி

நம் நாட்டிலும் இதற்கு 1999இல் சட்டம் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. மதுரை மல்லி 2013இலும் பழனிப் பஞ்சாமிர்தம் 2019இலும் புவிசார் குறியீடு பெற்றன. ஆனால் எந்தச் சட்டமும், நாம் சொல்லத் தெரியாத ஒன்றைக் காக்க முடியாது. 'எங்க ஊர்ப் பலகாரம் மாதிரி வராது' என்று பெருமை பேசுகிறோம். ஏன் வராது என்று பிள்ளைகள் கேட்டால் நம்மிடம் விடை இருக்கிறதா?

உங்கள் சொந்த ஊரின் பண்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மண்ணில் விளைந்தது, எந்த வகை, எந்தச் செய்முறை என்று மூன்று வரிகள் எழுதுங்கள். விவரம் போதாவிட்டால் ஊரிலுள்ள பெரியவர்களைத் தொலைபேசியில் கேளுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள், தமிழில் எழுதட்டும்.