தண்டுக்கண் ஈ: சிற்றுயிர்க்குப் பெயரிடும் முறை

ஈ என்றவுடன் நம் நினைவுக்கு வருவது உணவின்மேல் வந்தமரும் வீட்டு ஈயே ஆகும். ஆயின் கொசுவையும் உள்ளிட்ட இரட்டை இறக்கைப் பூச்சிகளில் இதுவரை பெயரிடப்பட்டவை மட்டுமே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் கண்ணிரண்டும் முகத்தோடு ஒட்டியிராமல், தலையின் இருபுறமும் கிடையாக நீண்ட இரு தண்டுகளின் நுனியில் அமைந்த ஒரு குடும்பம் உண்டு. டயாப்சிடே என்பது அதன் அறிவியற்பெயர். நாம் தண்டுக்கண் ஈ என வழங்குவோம். இக்குடும்பத்தின் இனங்களுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் வாழ்வன. இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சில உள.

இவ்வகையில் புதியதோர் இனம் கண்டறியப்படும்போது அறிவியலார் அதனை எவ்வாறு விவரித்துப் பெயரிடுகின்றனர், அப்பெயரீட்டிற்கு ஓர் உயிரின் இறப்பு இன்றியமையாததா என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். விலங்கியல் பயிலும் பிள்ளைகளையுடைய நம் குடும்பத்தினர் சிலர் இரண்டாவது வினாவை என்னிடம் கேட்டதுண்டு. அதற்கு விடை கூறுமுன் முதலாவதை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

நம் ஆகமங்கள் ஈ, கொசு, தும்பி முதலியவற்றை மெய், வாய், மூக்கு, கண் என்னும் நான்கு பொறிகளையுடைய நாலறிவுயிர்களாக வகுத்துள்ளன. தொல்காப்பிய மரபியலும் தும்பியை நாலறிவுயிர் என்றே கூறும். தண்டுக்கண் ஈயின் வியப்பு யாதெனில், அதன் பொறிகளுள் இரண்டு ஒரே தண்டின் நுனியில் அமைந்திருப்பதாகும். மணத்தை அறியும் உணர்கொம்பும் கண்ணை அடுத்து அத்தண்டின்மேலேயே உள்ளது. தண்டுபோல நீண்ட தலையையுடைய ஈக்கள் வேறு சில குடும்பங்களிலும் உண்டு. அவற்றில் உணர்கொம்பு முகத்தின் நடுவிலேயே நிற்கும். ஆகவே கண்ணை மட்டும் நோக்காது உணர்கொம்பு எங்குள்ளது என்று நோக்குவதே இக்குடும்பத்தை அடையாளம் காணும் முதற்படியாகும்.

கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போது இத்தண்டுகள் நீண்டிருப்பதில்லை. வெளிவந்த ஈ காற்றை விழுங்கித் தலைக்குள் செலுத்துகிறது. மென்மையாக இருக்கும் தண்டுகள் சிறிது நேரத்திற்குள் நீண்டு, பின்னர் விறைத்து நிலைபெறுகின்றன. பெரும்பாலான இனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தண்டு உண்டு. பல இனங்களில் ஆணுக்கு மிக நீளம். மலேசியக் காடுகளில் வாழும் டெலியாப்சிஸ் டால்மான்னி என்னும் இனத்தில் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரம் உடலின் நீளத்தையே மிஞ்சுவதுண்டு. இரவில் அவை ஓடைக்கரையில் தொங்கும் மெல்லிய வேர்களில் கூட்டமாகத் தங்கும். ஆண்கள் இரண்டு எதிரெதிரே நின்று கண்ணகலத்தை ஒப்பிட்டுக்கொள்ளும். குறைந்தது பெரும்பாலும் விலகிச் சென்றுவிடும். அடிதடியின்றித் தீரும் வழக்கு! நம் ஊர் வரப்புத் தகராறுகளை எண்ணிப் பார்க்கையில் ஈக்கு அறிவு நாலுதானா என்று ஐயுறத் தோன்றுகிறது.

இனி, பெயரிட்ட வரலாறு. இக்குடும்பத்தை அறிவியலுக்கு முதன்முதல் அறிமுகப்படுத்தியவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் ஆவார். 1775-ஆம் ஆண்டு அவர்தம் மாணவர் ஒருவரின் பட்ட ஆய்வேடாக வெளிவந்த சிறு நூலில் இரண்டே இரண்டு பூச்சிகள் விவரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆப்பிரிக்கத் தண்டுக்கண் ஈ. டயாப்சிஸ் இக்நியூமோனியா என்பது அதற்கு இட்ட பெயர். கிரேக்க மொழியில் இரண்டு என்றும் பார்வை என்றும் பொருள்படும் இரு சொற்களிலிருந்து பேரினப் பெயர் உருவாயிற்று. 1837-இல் இங்கிலாந்தின் வெஸ்ட்வுட் என்பார் இவ்வீக்களைப் பற்றிய விரிவான கட்டுரையொன்றை லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அளித்தார். நம் நாட்டு இனமாகிய டயாப்சிஸ் இண்டிகா அக்காலத்தில் அவரால் பெயர் பெற்றதேயாகும். பின்னர்க் கல்கத்தாவில் வாழ்ந்த புருனெட்டி என்பவர் இந்திய ஈக்களைப் பற்றிப் பெருநூல்கள் எழுதியதோடு, ஆப்பிரிக்கத் தண்டுக்கண் ஈக்கள் சிலவற்றிற்கும் பெயரிட்டார். அவர் தொழிலால் இசைக்கலைஞர். பிழைப்புக்கு இசையும் உள்ளத்துக்கு ஈயுமாக வாழ்ந்த மனிதர்!

நம் காலத்தில் இத்துறையில் சிறந்து விளங்குபவர்கள் ஹாலந்து நாட்டின் லைடன் நகர் நாச்சுராலிஸ் அருங்காட்சியகத்தைச் சார்ந்து ஆய்வு செய்துள்ள ஹான்ஸ் ஃபெய்யன், கோபி ஃபெய்யன் இணையர். அவர்கள் ஆப்பிரிக்காவின் டயாப்சிஸ் ஈக்களை ஆராய்ந்து, புதிய இனங்களை விவரித்தனர். வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும் அச்சிறு ஈக்களை எவ்வாறு பிரித்தறிவது? அங்கேதான் இத்துறையின் பொறுமை விளங்கும்.

முதலில் கண்ணகலமும் உடல் நீளமும் மில்லிமீட்டரின் சிறு பின்னம்வரை அளக்கப்படும். ஓர் ஈயை அளந்தால் போதாது. ஆணிலும் பெண்ணிலும் சிறியவை, பெரியவை எனப் பலவற்றை அளந்து, உடல் வளர வளரக் கண்ணகலம் எவ்விகிதத்தில் கூடுகிறது என்று கணக்கிடுவர். அவ்விகிதமே சில இனங்களைப் பிரித்துக் காட்டும். அடுத்து இறக்கையின் புள்ளியும் பட்டையும், மார்பின் பின்புறத்தில் நிற்கும் முட்களின் நீளம், முன்காலின் பருத்த தொடையில் உள்ள நுண்முட்களின் எண்ணிக்கை, மேனியில் படிந்த வெண்பொடி போன்ற பூச்சு எங்குள்ளது எங்கில்லை என்பன குறிக்கப்படும். இவையெல்லாம் ஒத்திருந்தும் இனம் வேறாக இருக்கலாம். இறுதித் தீர்ப்புப் பெரும்பாலும் ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பின் வடிவில் உள்ளது. அதனைக் காரக் கரைசலில் இட்டுத் தெளிவாக்கி நுண்ணோக்கியின் கீழ் வரைதல் வேண்டும். உயிருள்ள ஈயில் இதனைச் செய்ய இயலாது.

அளந்தவற்றை இதற்குமுன் பெயரிடப்பட்ட ஒவ்வோர் இனத்தின் மூல மாதிரியோடும் ஒப்பிட வேண்டும். மூல மாதிரி என்பது ஹோலோடைப் எனப்படும் ஒரே ஓர் உடல். பெயர் அவ்வுடலோடு கட்டுண்டது. நூறாண்டு கழித்து எவரேனும் ஐயுற்றால், அருங்காட்சியகப் பெட்டகத்தைத் திறந்து அவ்வுடலையே பார்த்துத் தெளியலாம். நிலத்திற்குப் பத்திரம் எப்படியோ, பெயருக்கு அது அப்படி. விலங்கியற் பெயரீட்டுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின்படி, 2000-ஆம் ஆண்டு முதல் மூல மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிக்காத புதிய இனப்பெயர் செல்லாது.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்று கேட்பாருண்டு. நெல் பயிரிடும் நமக்கு எளிதில் விளங்கும் விடை ஒன்று உண்டு. ஆப்பிரிக்க நெல்வயல்களில் தண்டுக்கண் ஈயின் புழு தண்டைத் துளைத்து நடுக்குருத்தைக் காயச் செய்கிறது. நம் வயலில் குருத்துப்பூச்சி செய்யும் வேலையை அங்கே இது செய்கிறது. ஒரே வயலில் இரண்டு வகைத் தண்டுக்கண் ஈக்கள் காணப்படுகின்றன. டயாப்சிஸ் லாங்கிகார்னிஸ் எனப்பட்டது நலமான தண்டைத் துளைப்பது. டயாப்சிஸ் அபிகாலிஸ் எனப்பட்டதோ பெரும்பாலும் முன்பே பழுதுற்ற தண்டை நாடி வருவது. பின்னதைக் கண்டு அஞ்சி மருந்தடிப்பவன் தனக்குப் பெருந்தீங்கு செய்யாத உயிர்களை வீணே அழித்தவனாவான். பெயரைச் சரியாக அறிதல் இங்கே உயிர்க்கொலையைக் குறைக்கிறது. சட்டத்திலும் அப்படியே. 1972-ஆம் ஆண்டின் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள் உயிர்களைப் பெயரால் குறிப்பிடுகின்றன. பெயரில்லாத உயிருக்கு அங்கே இடமில்லை.

ஆயினும் அந்த ஒரு மூல மாதிரி எங்கிருந்து வந்தது? வலையில் பிடித்து நச்சுக் குப்பியில் இட்டதே பெரும்பாலும். இல்லறத்தார்க்குச் சமையல், தொழில், தற்காப்பு ஆகியவற்றால் நேரும் இம்சை முற்றிலும் தவிர்க்க இயலாதது என்றும், இயங்கும் உயிரை நினைந்து கொல்லும் சங்கற்ப இம்சை முற்றிலும் விலக்கத்தக்கது என்றும் நம் நூல்கள் வகுத்துள்ளன. ஆய்வாளர்க்கு அது தொழில்தானே, உத்தியோக இம்சையில் அடங்காதா என்று வாதிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உழவன் ஏரோட்டுகையில் புழு மடிவது வேறு. இவ்வீயே வேண்டும் என்று குறித்துக் குப்பியில் இடுவது வேறு.

அறிவியலாரிடையேயும் இவ்வினா எழுந்தது என்பதை வாசகர்கள் அறிதல் நலம். 2015-ஆம் ஆண்டு மார்ஷல், ஈவன்ஹியூஸ் என்னும் இரு ஈயியல் அறிஞர்கள் தென்னாப்பிரிக்காவில் கண்ட ஓர் ஈயை, உடல் எதனையும் சேமிக்காமல், புகைப்படங்களை மட்டும் கொண்டு புதிய இனமாக விவரித்தனர். அது தண்டுக்கண் ஈயன்று. மரத்தைத் துளைக்கும் கருவண்டைப் போன்ற தோற்றமுடைய வேறொரு குடும்பத்து ஈ. மார்லேயிமியா சைலோகோபே என்பது அதன் பெயர். சடலமின்றிப் புதிய இனம் என்றே அவர்கள் தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டனர். உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. 2016-இல் ஏறத்தாழ 490 வகைப்பாட்டியலார் கையொப்பமிட்டு, புகைப்படத்தால் மட்டும் இனம் நிறுவுதல் போதாது, கேடும் பயக்கலாம் என எழுதினர். அதே ஆண்டு வேறு சிலர், புகைப்படத்தாலும் பெயரிடலாம் என்று நேச்சர் இதழில் மறுமொழி கூறினர். 2017-இல் பன்னாட்டுப் பெயரீட்டு ஆணையம் அம்முறையைத் தடை செய்யாமல், உடலைச் சேமிக்காததற்குத் தக்க காரணம் காட்டுதல் முதலிய பரிந்துரைகளை வெளியிட்டது.

நம் நாட்டிலேயே இதற்கு அழகியதோர் எடுத்துக்காட்டு உண்டு, பறவையினத்தில். வானியல் அறிஞராகிய ரமண ஆத்ரேயா அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் காட்டில் 1995-இல் கண்ட பறவையை 2006-இல் புகுன் லியோசிச்லா எனப் புதிய இனமாக விவரித்தார். மிகச் சிலவே வாழும் அப்பறவையில் ஒன்றையும் கொல்ல அவர் ஒருப்படவில்லை. வலையில் பிடித்து, அளந்து, படமெடுத்து, உதிர்ந்த சில இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு பறக்க விட்டார். அவ்வட்டாரத்துப் புகுன் மக்களின் பெயரையே அதற்கு இட்டார்.

எதிர்ச்சான்றையும் மறைத்தல் ஆகாது. சோமாலியாவில் ஒரே ஒரு பறவையைப் பிடித்து, ஆராய்ந்து, உயிரோடு விடுவித்து 1991-இல் லேனியாரியஸ் லிபராட்டஸ் என்று பெயரிட்டனர். விடுவிக்கப்பட்டது என்பதே அப்பெயரின் பொருள். 2008-இல் டி.என்.ஏ. ஆய்வு அது தனி இனமன்று, முன்பே அறிந்த இனத்தின் நிறவேறுபாடே என்று காட்டிற்று. அன்று சேமித்த இறகும் குருதியுமே இவ்வாய்வுக்கு உதவின. பறவைக்கு இறகு உண்டு. அரை அங்குலமும் இல்லாத ஈயிடம் எதைக் கழற்றிக்கொண்டு விடுவிப்பது? ஆகவே எதிர்த்து எழுதிய 490 பேரையும் இரக்கமற்றவர் என்று நான் கூறமாட்டேன்.

ஆனால் ஒரு வழி இருவர்க்கும் பொதுவாக உள்ளது. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஓர் உயிரி முதன்முதல் சேகரிக்கப்பட்டதற்கும் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டதற்கும் இடையே சராசரி 21 ஆண்டுகள் கழிகின்றன எனக் கணக்கிட்டது. அதாவது இன்று காட்டிற்குள் செல்லாமலே, என்றோ பிடித்துப் பெட்டகத்தில் வைத்துவிட்ட பூச்சிகளிடையே புதிய இனங்கள் காத்துக் கிடக்கின்றன. 1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் பெட்டகங்களும் அத்தகையனவே. நம் பிள்ளைகளுள் எவரேனும் இத்துறையில் புக விரும்பினால் தடுக்க வேண்டா. பழைய பெட்டகங்களைத் திறந்து அளந்து வரைவதற்கே ஓர் ஆயுள் போதாது. அதற்கு ஆளில்லை என்பதே இத்துறையின் குறை. ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நான் பாடம் நடத்திய காலத்தில், பூச்சிகளைக் குத்திப் பெட்டி கொண்டுவரச் சொல்வதற்கு மாறாக, உயிருள்ள ஒன்றை உருப்பெருக்காடி வழியே நோக்கிப் பெரிதாக வரையச் சொல்வேன். ஆறு கால்களும் மார்பிலிருந்தே புறப்படுகின்றன என்பதை வரைந்த கை மறப்பதில்லை.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தைப் புதுச்சத்திரத்திலிருந்து ஒரே நாளில் சென்று பார்த்து வரலாம். உயிருள்ள தண்டுக்கண் ஈயைக் காண விழைவோர் வயல்வெளியை விடுத்து, மலையடிவார ஓடைகளின் நிழல்படர்ந்த ஈரமான செடிகளில் தேடுதல் வேண்டும். கண்டால் அருகே கையை நீட்டற்க. நிழல் பட்டாலே பறந்துவிடும். மேலிருந்து ஒரு படம், முகத்துக்கு நேரே ஒரு படம், இறக்கை தெளிவாகத் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, அது அமர்ந்த இலையின் அகலத்தை அளந்து, நாள், நேரம், இடம், செடியின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்பின் பின்முட்கள் படத்தில் விழுந்தனவா என்று பாருங்கள். அறிஞர்கள் முதலில் கேட்பனவற்றுள் அதுவும் ஒன்று.